குடும்பத்தை ஊரிலிருந்து இங்கே எடுப்பிக்கிற விசயத்தில் எங்கள் சங்கங்கள் மற்றவர்களோடு சேர வேண்டுமா?

செம்பருத்தி:
வணக்கம் உறவுகளே. பாரிஸ் புறநகர் ஒன்றில் சின்னத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். ஞாயிறு தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, கோடையில் பஸ் பிடித்து ஒரு சுற்றுலா. எங்கள் வேலை இவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் நகரில் இயங்கும் ஒரு கூட்டமைப்பிடமிருந்து கடிதம் வந்தது. மாலி, மொரோக்கோ, ஹெயிட்டி ஆட்களின் சங்கங்கள், ஒரு தொழிற்சங்கக் கிளை, இரண்டு லோயர்மார். குடியேறியவர்கள் குடும்பமாக வாழும் உரிமைக்காகச் சேர்ந்து வேலை செய்கிறார்களாம், நீங்களும் வாருங்கள் என்கிறார்கள். நிர்வாகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். 9 பேரில் 5 பேர் வேண்டாம் என்றார்கள். "எங்கட ஆக்கள் அகதி கார்ட்டோட இருக்கினம், அவையின்ர பிரச்சினை வேற" என்றார் பொருளாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. இங்கே அனுபவப்பட்டவர்கள் இருப்பீர்கள், சொல்லுங்கள்.

ஒற்றையடிப்பாதை:
பொருளாளர் சொன்னதுதான் சரி. 22 வருசமாக இங்கே இருக்கிறேன். மனுசியை எடுப்பிக்க எந்தச் சங்கமும் எனக்கு உதவவில்லை. பேப்பரைச் சரியாகக் கட்டினேன், வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன், வந்தா. கூட்டமைப்பு என்று போனால் பதாகை பிடிக்கச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள், அந்தப் படத்தை, கார்ட் கொடுக்கிற அரச அலுவலகமான பிரெபெக்சரில் யாராவது பார்த்தால் உங்கள் விண்ணப்பக் கோவைதான் அடியில் போகும். எங்கள் பாட்டில் இருப்பதே நல்லது.

பழைய_பேப்பர்:
தம்பி ஒற்றையடிப்பாதை, கோபிக்க வேண்டாம். நீங்கள் "பேப்பரைச் சரியாகக் கட்டினேன்" என்கிறீர்களே, அந்தப் பேப்பரை வாங்குகிற கதவு எப்படித் திறந்தது என்று தெரியுமா?

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1974 ஜூலையில் பிரான்ஸ் வெளிநாட்டுத் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. இங்கே ஏற்கனவே இருந்தவர்கள் குடும்பத்தைக் கூப்பிடும் முறையை 1976 ஏப்ரலில் ஓர் ஆணை ஒழுங்குபடுத்தியது. ஒன்றரை வருசம்தான். 1977 நவம்பர் 10 அன்று இன்னோர் ஆணை. அடுத்த 3 ஆண்டுகளுக்குக் குடும்பத்தினர் வரலாம், ஆனால் வேலை தேடமாட்டோம் என்பவர்கள் மட்டும்தான் வரலாம். கணவனின் சம்பளம் தொழிற்சாலைச் சம்பளம். மனைவி வேலைக்குப் போகக் கூடாதென்றால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? வராதே என்பதைத்தான் இப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னார்கள்.

இதை எதிர்த்து வழக்குப் போட்டது யார்? ஜிஸ்தி என்ற அமைப்பு. 1972இல் தொடங்கியது, சட்டம் தெரிந்தவர்களும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்த ஒரு சின்னக் குழு. அதோடு செ.எஃப்.டெ.டெ, செ.ஜெ.டெ என்ற இரண்டு பெரிய தொழிற்சங்கங்கள். ஒன்றோடொன்று எப்போதும் ஒத்துப்போகிற ஆட்கள் இல்லை அவர்கள். ஆனாலும் சேர்ந்தார்கள். 1978 டிசம்பர் 8 அன்று உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்சை தெத்தா அந்த ஆணையை ரத்துச் செய்தது. முறையாக இங்கே வாழும் வெளிநாட்டவருக்கும், இந்நாட்டு மக்களுக்கு உள்ளது போலவே, இயல்பான குடும்ப வாழ்க்கை நடத்தும் உரிமை உண்டு என்றது. மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடுவது அந்த உரிமையில் அடக்கம். 1946 அரசியலமைப்பின் முன்னுரையில் குடும்பம் பற்றி வரும் ஒரு வரியிலிருந்து அதை எடுத்தார்கள். 1993இல், சட்டங்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் அரசியலமைப்புச் சபையும் அதை ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஆட்கள் பெருவாரியாக வரத் தொடங்கியது 1983க்குப் பிறகு. 5 வருசம் முன்னாலேயே யாரோ எங்களுக்குப் பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் நாங்கள் யாரும் இல்லை. அந்த வழக்கில் ஒரு தமிழன் பெயர்கூடக் கிடையாது.

ஒற்றையடிப்பாதை:
சரி ஐயா, 1978இல் வென்றார்கள். நன்றி. இப்போது என்ன? சட்டம் இருக்கிறது, நிபந்தனையை நிறைவேற்றினால் கிடைக்கும்.

கூரைமுகடு:
நிபந்தனையா? என் கதையைக் கேளுங்கள்.

நான் அகதி இல்லை, வேலை மூலம் கார்ட் எடுத்தவன். ஆகவே எனக்கு ரெக்ரூப்மோன் என்ற சாதாரணக் குடும்ப இணைவு வழிதான். 18 மாதம் முறையான வதிவு இருக்க வேண்டும், இருந்தது. கடைசி 12 மாதச் சம்பளம் சராசரியாக ஸ்மிக் என்ற குறைந்தபட்சச் சம்பள அளவு இருக்க வேண்டும், இருந்தது. வீடு? பாரிஸ் பகுதியில் இரண்டு பேருக்கு 22 சதுர மீற்றர் வேண்டும், அதற்கு மேல் ஆளுக்கு 10 கூட்ட வேண்டும். என் வீட்டு ஒப்பந்தத்தில் 24 என்று இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன்.

நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கையில் லேசர் அளவுகோல். என்னுடையது கடைசி மாடி, கூரை சரிந்து வரும் அறை. சுவரோரமாகப் போய் நின்று, சரிவுக்குக் கீழே கருவியைப் பிடித்தார். உயரம் 1.80 மீற்றருக்குக் குறைந்த இடம் கணக்கில் வராது என்றார். நான் உடுப்புப் பெட்டி வைத்திருந்த மூலை முழுக்கப் போய்விட்டது. குனிந்து எழுதினார். 21.3. தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தேன், குடிக்காமல் போய்விட்டார். அவருக்கும் சங்கடம் போல.

0.7 சதுர மீற்றர் குறைவு. ஒரு கதிரை வைக்கிற இடம். 5 மாதம் கழித்து மறுப்புக் கடிதம். பெரிய வீடு எடு என்கிறார்கள், எடுத்தால் விசா வருமட்டும் தனியாளாக அந்த வாடகையைக் கட்ட வேண்டும். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

பழைய_பேப்பர்:
கூரைமுகடு, மறுப்புக்கு எதிராகப் போனீர்களா? 0.7 குறைவென்றால் தானாகவே மறுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நிபந்தனை குறைந்தாலும் அனுமதிக்க, பிரெபெக்சரின் தலைவரான பிரெபேக்கு அதிகாரம் உண்டு. மறுத்தால் குடும்ப வாழ்க்கைக்கு எவ்வளவு பாதிப்பு என்று, குடும்ப வாழ்க்கையை மதிக்கச் சொல்லும் ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆம் உறுப்பைக் கணக்கில் எடுத்து, பார்த்தாக வேண்டும். "குறைவு, ஆகவே மறுப்பு" என்று இரண்டு வரியில் எழுதியிருந்தால், என் கை கட்டப்பட்டிருக்கிறது என்று பிரெபே நினைத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். அது சட்டப் பிழை. நிர்வாக நீதிமன்றம் அதற்காகவே ரத்துச் செய்யும்.

கூரைமுகடு:
காலக்கெடு முடிந்த பிறகுதான் இது தெரிய வருகிறது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் படிவம் நிரப்பிக் கொடுத்தவரிடம் அப்போதே கேட்டேன். "திருப்பிப் போடுங்கோ" என்றார், இன்னொரு முறை காசு வாங்கினார்.

செம்பருத்தி:
இதைத்தான் நானும் நினைக்கிறேன். லாச்சப்பலில் ஊருக்கு ஒரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய மாணவர் சங்கம். வருசத்துக்கு ஒரு இராப்போசனம், ஊர்க் கோயிலுக்கு மணி, பள்ளிக்கூடத்துக்கு மதில். குறை சொல்லவில்லை, நானும் காசு கொடுத்திருக்கிறேன். ஆனால் கூரைமுகடு போல ஒருவர் மறுப்புக் கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினால், அதை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் இத்தனை சங்கங்களில் எதில் இருக்கிறார்?

சின்னத்தம்பி_93:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எனக்கு அகதி மனுக்களைப் பார்க்கும் ஒஃப்ரா அலுவலகம் அகதி அந்தஸ்துத் தந்தது. அதற்குப் பிறகு சென்னையில் கலியாணம் கட்டினேன். அகதிக்கு வீடு, சம்பளம் ஒன்றும் பார்க்க மாட்டார்கள் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

பழைய_பேப்பர்:
பாதி உண்மை. அகதியின் குடும்ப மீளிணைவில் வீடு, சம்பளம், வதிவுக் காலம் எதுவும் கேட்க மாட்டார்கள், பிள்ளை என்றால் 19 வயது முடியுமுன் விண்ணப்பம் போட்டால் போதும். ஆனால் அது தஞ்சம் கேட்பதற்கு முன்பே இருந்த குடும்பத்துக்குத்தான். பிறகு கட்டின கலியாணத்துக்கு உங்களுக்கும் ரெக்ரூப்மோன்தான், 22 சதுர மீற்றர்தான்.

செம்பருத்தி, உங்கள் பொருளாளருக்கு இதைக் காட்டுங்கள். இளம் பெடியன்களில் எத்தனை பேர் கார்ட் எடுத்த பிறகு சென்னையிலோ திருச்சியிலோ தாலி கட்டியவர்கள்? அவர்களும் அந்த மாலிக்காரரும் நிற்பது ஒரே வரிசையில்.

நாவற்பழம்:
நான் இங்கே வழக்கமாக வாசிக்கிறவள் மட்டும்தான். ஆனால் இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அவர் அகதி. நானும் மகனும் கொழும்பில் இருந்தோம். அவர் தஞ்சம் கேட்க முன்பே கலியாணம், பிள்ளை எல்லாம். சட்டப்படி ஒரு தடையும் இல்லை. ஆனால் விசா மறுத்துவிட்டார்கள். காரணம்: பிறப்புச் சான்றிதழை நம்ப முடியவில்லை, தகப்பனுக்கும் மகனுக்கும் குடும்பப் பெயர் வேறு.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எப்போது இருந்தது? தாத்தாவின் பெயர் அப்பாவுக்கு முன்னால், அப்பாவின் பெயர் மகனுக்கு முன்னால். பிரெஞ்சுப் படிவத்தில் அந்த முன்பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், தகப்பனும் மகனும் இரண்டு குடும்பத்தவர் ஆகிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு அவருடைய பெயரை ஒஃப்ரா ஒரு மாதிரி எழுதியிருந்தது, சான்றிதழ் மொழிபெயர்ப்பு இன்னொரு மாதிரி. ஓர் எழுத்துத்தான் கூட. கொழும்பில் வாடகை அறையில் இருந்துகொண்டு மகனுக்கு இதை நான் எப்படிச் சொல்வது? "அப்பா உன்னுடைய அப்பாதான் என்று காட்டச் சொல்கிறார்கள்" என்றேன். "போன் போட்டுக் குடுங்கோ, நான் சொல்லுறன்" என்றான். அப்போது அவனுக்கு 6 வயது.

வழக்கு நாந்த் நகரில். விசா மறுப்பு எல்லாம் அங்கேதான் போகும். எங்களுக்கு லோயரைப் பிடித்துக் கொடுத்தது ஒரு தமிழ்ச் சங்கமும் இல்லை, அவரோடு வேலை செய்த ஒரு கொங்கோக்காரர். அவர்களின் சங்கம் ஒரு பெரிய அமைப்போடு சேர்ந்து வாராவாரம் ஆலோசனை நடத்துகிறது. அந்த லோயர் தன் மனுவில் காட்டியது ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 ஜூலை 10 அன்று பிரான்சுக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்புகளை. கமரூன், ருவாண்டா, கொங்கோ ஆட்களின் வழக்குகள். அங்கேயும் இதே கதை: பிறப்புச் சான்றிதழை நம்பவில்லை, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்தார்கள். வேகமாகவும் கவனமாகவும் பார்க்கவில்லை, குடும்ப வாழ்க்கை உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது.

கொங்கோக்காரத் தகப்பன் ஒருவர் தன் பிள்ளைகளுக்காக ஸ்ட்ராஸ்பூர்க் வரை போனார். அதை வைத்து என் மகன் வந்து சேர்ந்தான். "அவையின்ர பிரச்சினை வேற" என்று சொன்ன ஐயாவிடம் இதைச் சொல்லுங்கள், செம்பருத்தி.

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். அங்கே பிரான்சில் சட்டமாவது 1978இலிருந்து கொஞ்சம் நின்று பிடிக்கிறது. இங்கே துணையைக் கூப்பிட ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் வேண்டும் என்று 2012இல் வைத்தார்கள். குடியுரிமை உள்ளவனுக்கும் இதே கதிதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017இல் வருமான எல்லை செல்லும், ஆனால் பிள்ளைகளின் நலனைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று சொன்னது. 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் அகதிகளின் குடும்ப இணைவுக்குப் புது விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்தினார்கள்.

வழக்கில் வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 1985இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மூன்று பெண்கள் பிரித்தானியாவை வென்றார்கள். ஆண்கள் மனைவியைக் கூப்பிடுவது சுலபம், பெண்கள் கணவனைக் கூப்பிடுவது கஷ்டம், இது பாகுபாடு என்று தீர்ப்பு. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்குச் சுலபமாக்கவில்லை, ஆண்களுக்கும் கஷ்டமாக்கிச் சமத்துவம் கொண்டுவந்தது.

ஒற்றையடிப்பாதை:
பாருங்கள், தேம்ஸ்கரை என் பக்கம் பேசுகிறார். வென்றாலும் அடுத்த நாள் மாற்றிவிடுவார்கள். பிறகு எதற்கு இந்தக் கூட்டமும் கூட்டமைப்பும்?

தேம்ஸ்கரை:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை அண்ணை. தீர்ப்பு வந்த அன்றே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் இதுதான் நடக்கும் என்கிறேன்.

பழைய_பேப்பர்:
தேம்ஸ்கரை சொல்வதற்கு மாறாக இங்கே ஒன்று நடந்தது. 2007 நவம்பரில் வந்த சட்டத்தில், குடும்பத்தைக் கூப்பிடுகிறவர்களுக்கு மரபணுச் சோதனை என்று ஒரு பிரிவு நுழைந்தது. நாவற்பழம் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள், அதற்கு மேல் எச்சில் எடுத்துக் காட்டு என்கிறார்கள். மனித உரிமை அமைப்புகள், குடியேறியவர் சங்கங்கள், விஞ்ஞானிகள், ஆளும் கட்சிக்குள்ளேயே சிலர் என்று எல்லாரும் எதிர்த்தார்கள். சட்டம் நிறைவேறியது, அரசியலமைப்புச் சபையும் நிபந்தனையோடு விட்டுவிட்டது. ஆனால் எதிர்ப்பு அடங்கவில்லை. 2009இல் அப்போதைய குடிவரவு அமைச்சர் எரிக் பெசோன் நடைமுறை ஆணையில் கையெழுத்திட மாட்டேன் என்றார். அந்தச் சோதனை நடைமுறைக்கு வரவே இல்லை. நீதிமன்றத்தில் தோற்றும் வென்ற கதை அது.

கிணற்றடி:
எல்லாரும் கூப்பிடுவது பற்றியே கதைக்கிறீர்கள். வந்த பிறகு நடப்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

ரெக்ரூப்மோனில் வந்த மனைவியின் கார்ட் முதல் 3 வருசம் சேர்ந்து வாழ்வதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிரிந்தால் பறிக்கலாம், புதுப்பிக்காமல் விடலாம். வன்முறை நடந்திருந்தால் பறிக்கக் கூடாது என்று சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அதை யார் அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறார்கள்? கணவன் சொல்வது "என்னை விட்டால் உனக்குக் கார்ட் இல்லை" என்பது மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஒருத்தி இதை நம்பி இரண்டு வருசம் அடி வாங்கினாள். எங்கள் சங்கத்துக்கு வந்தாள். தலைவர் கணவனைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பிவைத்தார். அவ்வளவு நல்ல மனுசன்.

பிறகு அவளுக்கு விதிவிலக்கைச் சொல்லிக் கொடுத்தது ஓர் அல்ஜீரியப் பெண்கள் அமைப்பு. செம்பருத்தி, நீங்கள் சேர்வதென்றால் இதையும் பேசுங்கள். குடும்ப உரிமை என்று நாங்கள் சொல்வது ஆம்பிளையளின் உரிமையாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

செம்பருத்தி:
கிணற்றடி அக்கா, உண்மையில் நான் இதை யோசித்திருக்கவே இல்லை. நன்றி.

வரிசையில்_நிற்பவன்:
நடைமுறையாக ஒன்று கேட்கிறேன். கூட்டமைப்பில் சேர்ந்தால் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கம் செய்வதற்கு என்ன இருக்கிறது? எங்களிடம் லோயர் இல்லை, காசு இல்லை, பிரெஞ்சும் அரைகுறை.

பழைய_பேப்பர்:
உங்களிடம் கடிதங்கள் இருக்கின்றன. அதுதான் தேவை.

பிரெபெக்சரில் இணையத்தில் மட்டும்தான் விண்ணப்பம் போடலாம் என்று வந்தபோது என்ன நடந்தது? ஒருவர் போய் "எனக்குத் திரை திறக்கவில்லை" என்றால் "மறுபடி முயற்சி செய்யுங்கள்" என்பார்கள். ஆனால் குடியேறியவர்களுக்கு உதவும் சிமாட், ஜிஸ்தி போன்ற அமைப்புகளின் ஆலோசனை மேசைகளில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே முறைப்பாட்டோடு வந்தார்கள். அமைப்புகள் ஒருபக்கம், லோயர்மாரின் தேசியப் பேரவை இன்னொருபக்கம், வழக்குப் போட்டார்கள். இணையத்தில் முடியாதவர்களுக்கு உதவி இருக்க வேண்டும், அதுவும் பலிக்காவிட்டால் மாற்று வழி தர வேண்டும் என்று 2022 ஜூன் 3 அன்று கொன்சை தெத்தா சொன்னது. எல்லாப் பிரெபெக்சரும் ஒழுங்காகச் செய்கிறதா என்றால் இல்லை. ஆனால் கேட்பதற்குக் கையில் ஒரு தாள் இருக்கிறது.

அதேபோலத்தான் இதுவும். கூரைமுகட்டின் 21.3 தனியாக ஒரு துரதிர்ஷ்டம். ஒரே பிரெபெக்சரிலிருந்து அதே இரண்டு வரியில் 30 மறுப்புகள் என்றால், அது அந்த அலுவலகத்தின் பழக்கம். அதை ஒரு மேசையில் பரப்பி வைத்தால்தான் தெரியும். மாலிச் சங்கத்தில் 12 கிடக்கும், உங்களிடம் 8 கிடக்கும். தனித்தனி அலுமாரியில் கிடந்தால் யாருக்கும் தெரியாது.

நாவற்பழம்:
இன்னொன்றும் செய்யலாம். எங்கள் லோயர் கேட்டு, நானும் என் அவரும் தமிழ்ப் பெயர் முறை பற்றி 2 பக்கம் எழுதிக் கொடுத்தோம். தாத்தா, அப்பா, மகன் என்று அம்புக்குறி போட்டு. கலியாணத்துக்குப் பிறகு மனைவியின் பெயரில் அப்பா பெயர் போய்க் கணவன் பெயர் வருவதையும் எழுதினோம். அதை அந்த லோயர் இப்போது மற்றத் தமிழ்க் கோவைகளுக்கும் இணைக்கிறாராம். ஒரு சங்கத்தின் முத்திரையோடு, மொழியறிந்த ஒருவரின் கையெழுத்தோடு இருந்தால் இன்னும் பெறுமதி. எத்தியோப்பியர்களுக்கும் இதே மாதிரிப் பெயர்ச் சிக்கல் உண்டு என்று அவர் சொன்னார். தகப்பன் பெயர்தான் அவர்களுக்கும் இரண்டாம் பெயர்.

செம்பருத்தி:
இது எங்களால் முடியும். எங்கள் ஞாயிறு வகுப்பில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படிப்பிக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.

சரி, இப்படிச் செய்யப் போகிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் சேர்வதா இல்லையா என்று வாக்கெடுப்புக் கேட்கப் போவதில்லை, கேட்டால் மறுபடி 5க்கு 4தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வகுப்பறையைத் திறந்து வைக்க மட்டும் அனுமதி கேட்பேன். கூட்டமைப்பிலிருந்து ஒரு லோயர் வந்து இருப்பார், நான் மொழிபெயர்ப்பேன். வருகிறவர்கள் மறுப்புக் கடிதம், அது வந்த கவர், கொடுத்த கோவையின் பிரதி மூன்றையும் கொண்டு வரட்டும்.

பழைய_பேப்பர்:
கவரை நன்றாகச் சொன்னீர்கள். எங்கள் ஆட்கள் முதலில் எறிவது அதைத்தான். கடிதம் எப்போது கைக்கு வந்தது என்று காட்ட சில நேரம் அது ஒன்றுதான் இருக்கும். கெடு அதிலிருந்துதான் ஓடும். இன்னொன்று: கோவை முழுமை என்று பத்திரம் வந்து 6 மாதம் பிரெபெக்சர் வாயே திறக்காவிட்டால் ரெக்ரூப்மோனில் அதுவும் மறுப்புத்தான். கடிதம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து கெடுவை விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களையும் வரச் சொல்லுங்கள்.

கூரைமுகடு:
நான் வருகிறேன். கெடு போனாலும் பரவாயில்லை, அந்த அளவெடுத்த தாளை அந்த மேசையில் வைக்க வேண்டும்.

ஒற்றையடிப்பாதை:
நான் வரமாட்டேன், சனிக்கிழமை ரெஸ்ரோரண்டில் இரட்டை வேலை. ஆனால் என் மனுசியின் தங்கச்சி புருசனுக்கு 8 மாதமாக ஒரு பதிலும் இல்லை. கவர் இல்லாவிட்டாலும் வரலாம்தானே?

செம்பருத்தி:
வரலாம் அண்ணை. அந்தப் பத்திரம் கிடைத்த திகதியைத் தேடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.